தப்புக்காயும் மினிட்ஸ் நோட்டும்

அக்கா ஆராய்ச்சிக்குள் வந்தது பஸ் வராத காரணத்தால்.

அடி அண்ணாமலை தாண்டி ரோட்டோரத்தில், தலையில் கீரைக்கட்டோடு நின்றிருந்தார். எங்கள் ஜீப் அவருக்காக நிற்கவில்லை. குறுக்கே ஆடு வந்ததால் நின்றது. நின்றதுதான் தாமதம், பின்பக்கமாக ஏறி, கீரைக்கட்டை என் மடியில் இறக்கி வைத்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டாண்ட எறக்கி உட்டுடு தம்பி" என்றார். ஆள் ஏற்றிப் போகும் வாடகை ஜீப் என்று நினைத்துவிட்டார்.

எனக்கோ காலையிலிருந்து ஒரே கவலை. வேங்கிக்காலில் எங்கள் ஆபீசில் பதினொரு மணிக்கு முதல் கூட்டம். சொந்த நிலமில்லாத கூலிக்காரப் பெண்கள் நாலு பேராவது அதில் இருந்தாக வேண்டும் என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வண்டியில் இருந்தது மூன்று பேர். நாலாவதாக வருகிறேன் என்றவர் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள். நான் கீரைக்கட்டைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன், டிரைவரைப் பார்த்தேன். டிரைவர் புரிந்துகொண்டார். வண்டி டவுனுக்குள் திரும்பாமல் நேராக வேங்கிக்காலுக்குப் போனது.

கடத்தல் என்றுகூடச் சொல்லலாம். விஷயத்தைச் சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. கீரை வாடிவிடுமே என்று மட்டும் கேட்டார். ஆபீஸ் தண்ணீர்த் தொட்டியோரம் கீரைக்கட்டை நனைத்து வைத்தார். பிறகு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, கூட்டம் என்றால் என்ன செய்யவேண்டும் என்று விசாரித்தார்.

"நீங்க பேசணும்கா. நான் எழுதிக்குவேன்."

"நான் பேசுறதையா?"

"ஆமாங்கா."

"எழுதிட்டு?"

நான் பேனா மூடியைக் கழற்றித் தேதியை எழுத ஆரம்பித்தேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. அன்றைய வருகைப் பட்டியலிலேயே அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அவருக்கும் பெயரைப் பற்றி அக்கறை கிடையாது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை மையில் ஒற்றும்போது, "பேரு கெடக்குது. நான் சொன்னது ஏறிடுச்சா?" என்றுதான் கேட்பார். மூட்டை பஸ் மேலே ஏறிவிட்டதா என்று கேட்பதைப் போல, பேச்சு நோட்டில் ஏறிவிட்டதா என்று கேட்பார். அடுத்த மூன்று வருஷம் என்னைத் துரத்தியது இந்த ஒரு வார்த்தைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு எந்த மல்லாட்டை ரகம் ஏற்றது என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சித் திட்டம் வந்தது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அதுவரை ரகம் எப்படி என்று கேட்க வருகிறவர்கள் நிலத்துக்காரரைத்தான் கேட்பார்கள். விதைப்பது, களை எடுப்பது, செடியைப் பிடுங்குவது, காய் ஆய்வது, மறுவருஷ விதைக்கு உரிப்பது எல்லாம் கூலிக்கு வரும் பெண்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை. இந்தத் திட்டத்துக்கு வந்த பெரிய சார், அவர்களையும் ஆராய்ச்சியில் உட்கார வைத்தே தீருவது என்று இருந்தார். ஒல்லியான மனிதர். வெயிலில் தொப்பி போட மறந்துவிட்டு, நிழலுக்கு வந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வார். மனசு தங்கம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். மீதிப் படிப்பு எல்லாம் லைப்ரரியிலும் பொட்டலம் கட்டிவந்த காகிதத்திலும் நானாகப் படித்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மினிட்ஸ் நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். கையெழுத்தோடு நடையும் நன்றாக இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

முதல் கூட்டத்தில் அக்கா விதை உரிப்பதைப் பற்றிச் சொன்னார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, எழுதியதைப் படிக்கச் சொன்னார். நான் கணீரென்று படித்தேன்: "கூலித் தொழிலாளர் சார்பில் கலந்துகொண்ட ஒருவர், விதை உரிக்கும் பணியில் நிலவும் இடர்ப்பாடுகளைச் சுட்டிக்காட்டினார்."

அக்கா நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இதை யாரு சொன்னது?"

"நீங்கதாங்கா."

"நானா? கெட்டி ஓடா இருந்தா கட்டை வெரல் நகம் பேந்துடும், நாலு நாளைக்கிக் கொழம்புல கை வைக்க முடியாதுன்னு சொன்னேன். இதுல நகம் எங்க?"

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், ஏதோ தேடினால் கிடைத்துவிடும் என்பதுபோல. நகம் இல்லை. குழம்பும் இல்லை. பெரிய சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவங்க சொன்னபடியே எழுதுங்க என்றார். அடித்துவிட்டு நகத்தை எழுதினேன். குழம்பையும் எழுதினேன். அக்கா திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். "இப்ப ஏறிடுச்சு" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு கூட்டத்திலும், தான் பேசியதை மட்டுமில்லாமல் மற்றவர்கள் பேசியதையும் படிக்கச் சொல்வார். அவருக்கு எழுத்து தெரியாது. தெரியாததனாலேயே எல்லாம் காதில் நின்றது. போன மாதம் யார், எதை, எந்த இருமலுக்குப் பிறகு சொன்னார்கள் என்பது வரைக்கும் சொல்வார். ஓர் உதவி அதிகாரி வாய்தவறி, அடுத்த கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டுவிடலாம் என்றார். அக்கா என்னைப் பார்த்து, "ஏறிடுச்சா?" என்றார். ஏறிவிட்டது. அடுத்த மாதம் சாம்பார் சாதம் வந்தது. அதற்குப் பிறகு அந்த அதிகாரி எங்கள் கூட்டங்களில் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆராய்ச்சிக்கு நிலம் கொடுத்தவரை ஊரில் மணியக்காரர் என்பார்கள். அந்தப் பதவி போய் வெகுகாலம் ஆகியும் பேர் போகவில்லை. கமிட்டித் தலைவரும் அவர்தான். கெட்டவர் இல்லை, பேச்சில் கொஞ்சம் தாராளம். ஒரு நாள் உற்சாகத்தில், "என் நெலம் வேற, உங்க நெலம் வேறயா? எல்லாம் நம்மளுதுதாம்மா" என்று சொல்லிவிட்டார். அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறப்பதற்குள் மணியக்காரர், "யப்பா, அதை எழுதிடாதப்பா" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் வருஷ அறுவடை நாள். மணியக்காரர் நிலத்தில் ஐந்து பாத்தியில் ஐந்து ரகம். எல்லாவற்றையும் பிடுங்கி, செடிகளைக் காயோடு அந்தந்தப் பாத்தியோரம் பரப்பியிருந்தது. ஒவ்வொரு பாத்தி முன்னாலும் ஓர் இளைய அதிகாரி நம்பர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் ஒரு கொட்டாங்குச்சி. பெண்களுக்கு ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எந்த ரகம் பிடிக்கிறதோ அதில் ஜாஸ்தியாகப் போடவேண்டும், பிடிக்காததில் கம்மியாகப் போடவேண்டும். படிக்காதவர்களும் மார்க் போட இதைவிட நல்ல வழி இல்லை என்று பெரிய சார் விளக்கினார்.

எண்ணிப் பார்த்தால் எல்லா ரகமும் கிட்டத்தட்ட சமம். மூன்றாம் நம்பர் மட்டும் முதலிடம். அதுவோ இலையெல்லாம் புள்ளி விழுந்து, காய் பிடிக்காமல் போன ரகம். நாலாம் நம்பர் கடைசி. அதில்தான் கொத்துக்கொத்தாகக் காய். பெரிய சார் அன்று முதல்முறையாக வெயிலில் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு அக்காவிடம் வந்து காரணம் கேட்டார்.

"அஞ்சு சாருங்க வெயில்ல நிக்கிறாங்க. ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாம எப்பிடி சார் போறது? மொகம் சுண்டிடாது? அதான் ஆளுக்கு ரெண்டு ரெண்டு. மூணாவது சாருக்கு மட்டும் ஒண்ணு கூட. காலையில சாப்புடல போல, வாடிக்கெடந்தாரு."

"அப்ப நாலாவது?"

"அவரு நல்லா தெம்பாத்தான இருக்காரு. அவருதுலேருந்துதான் எடுத்தோம்."

மூன்றாம் நம்பர் அதிகாரி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நிஜமாகவே சாப்பிடாமல் வந்திருந்தார். நாலாம் நம்பர் அதிகாரி அன்று முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டே நடந்தார்.

பிறகு அக்காதான் வழி சொன்னார். அதிகாரிகளையும் மணியக்காரரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, பெண்களை மட்டும் விட்டு மறுபடி கொட்டை போடச் சொன்னோம். வரப்பில் நானும் பெரிய சாரும் மட்டும் முதுகைக் காட்டி நின்றோம். இந்த முறை ஐந்தாம் நம்பர் கொட்டாங்குச்சி நிரம்பி வழிந்தது.

பெரிய சாருக்கு மறுபடியும் குழப்பம். ஐந்தாம் நம்பரில் காம்புக்குப் பலமில்லை. செடியைப் பிடுங்கினால் பாதிக் காய் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். ஆராய்ச்சிக் கணக்கில் அதற்கு நஷ்டம் என்று பேர்.

அக்கா வரப்பில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மண்ணுல நின்ன காயித்தான் சார் எங்களுக்கு. புடுங்கின காயி மணியக்காரருது. அறுப்பு முடிஞ்சு ஒரு மழை பேஞ்சதும் நாங்க வந்து கொத்திப் பொறுக்குவோம். அதுக்குத் தப்புக்காயின்னு பேரு. வேல இல்லாத நாளுல அதான் எங்க ஊட்டுல அடுப்பு எரியுது. நாலாம் நம்பரு ஒரு காயி நிக்காம மொத்தமா மேல வந்துடுது. ஓடும் கெட்டி. அவருக்கு நல்லது. எங்களுக்கு நகமும் போவும், தப்புக்காயும் போவும்."

அப்போது தூறல் போட ஆரம்பித்தது. காயைக் கூரைக்குள் சேர்க்க எல்லாரும் ஓடினோம். அன்று மட்டும் அக்கா படிக்கச் சொல்ல நேரமில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன். நோட்டு ஒவ்வொரு மாதமும் தலைவர் கையெழுத்துக்கு மணியக்காரரிடம் போகும். கூலிக்கு வருகிறவர்கள் வேண்டுமென்றே மண்ணில் காயை விடுகிறார்கள் என்பது அவருடைய ரொம்ப நாள் சந்தேகம். இந்த வரியைப் பார்த்தால் பொறுக்கவே விடமாட்டார் என்று பயந்தேன். அக்காவின் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா பேச்சையும் புளியங்கொட்டைக் கணக்கையும் விட்டுவிட்டு, நாலாம் நம்பரில் காய் அதிகம் என்பதை மட்டும் எழுதி, 'மழையின் காரணமாகக் கூட்டம் நன்றியுடன் நிறைவுற்றது' என்று முடித்தேன். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தவர் சென்னைக்காரர். காலண்டரில் பௌர்ணமியைப் பார்க்கவில்லை. அன்று அக்கா எப்படி வருவார்? அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அடுப்பு மூட்டி, பொறுக்கி வந்த தப்புக்காயை ஊறப்போட்டு வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு ஆள் குறையக்கூடாது என்று பெரிய சார் என்னையும் அழைத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டார். மத்தியானத்திலேயே நடக்கிறவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். சாக்கை விரித்து உட்கார்ந்து, பக்கத்தில் ஃபைலை வைத்துக்கொண்டு, பெரிய சார் ஏதோ கேட்க ஆரம்பித்தார். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அவரிடமே ஆழாக்கு என்ன விலை என்றார். பெரிய சார் விலையைச் சொல்லாமல், இது காம்பு அறுகிற ரகம், எண்ணெய்ச் சத்து சற்றுக் குறைவு என்று விளக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் பயந்துபோய் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்.

"சார், நீங்க கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க" என்றார் அக்கா. பிறகு சல்லடைக் கரண்டியைத் தட்டியபடியே என்னிடம் கேட்டார். "அன்னிக்கி வரப்புல சொன்னது ஏறிடுச்சாப்பா?"

ஆவியில் என் முகம் தெரியாது என்ற தைரியத்தில், ஏறிவிட்டது என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று எனக்கு ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

கடைசிக் கூட்டம் பெரிய கூட்டம். இந்த ஜில்லாவுக்கு எந்த ரகத்தைச் சிபாரிசு செய்வது என்று முடிவாகும் நாள். சென்னையிலிருந்து நாலைந்து பேர் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், என் நோட்டுகளைப் பார்த்துத் தயாரித்த அறிக்கையைப் படித்தார். நிலத்துக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் ஒருமனதாக நாலாம் நம்பரையே விரும்பினார்கள், காய் மண்ணில் நின்று வீணாவதில்லை என்பது அதன் சிறப்பு என்று இருந்தது. பெரிய சார் எழுந்து ஏதோ சொல்ல முயன்றார். அவர் என்ன நினைத்தாலும் ஆதாரம் நோட்டில்தான் இருக்கவேண்டும் என்று மூத்தவர் அவரை உட்கார வைத்துவிட்டார்.

மூன்றாவது வரிசையில் அக்கா எழுந்தார்.

"தம்பி, அன்னிக்கி வரப்புல நான் சொன்னத எடுத்துப் படி."

நான் எழுந்தேன். பக்கத்தைத் திறந்தேன். மழையின் காரணமாகக் கூட்டம் நன்றியுடன் நிறைவுற்றது. அதற்குக் கீழே வெறும் கோடுதான். மணியக்காரர் முன்வரிசையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அக்காவிடம் மாட்டி மாட்டி மூன்று வருஷத்தில் எனக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. அவர் பேசுவது எனக்கும் காதில் நின்றுவிடும். வெறும் கோட்டைப் பார்த்துப் படித்தேன். மண்ணில் நின்ற காய்தான் எங்களுக்கு என்பதிலிருந்து நகமும் போகும், தப்புக்காயும் போகும் என்பது வரை, ஒரு வார்த்தை விடாமல், அவர் சொன்ன மாதிரியே. நடுவில் ஒரு தடவை பக்கம் வேறு புரட்டினேன்.

மணியக்காரர் எழுந்துவிட்டார். "அப்ப வேணும்னேதான் மண்ணுல வுடுறீங்க."

"வேணும்னே வுட்டா உங்களுக்குத் தெரியாதா மணியக்காரரே? மொத சாலுலேருந்து கடைசி சால் வரிக்கும் எங்க பின்னாடியேதான நிக்கிறீங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மணியக்காரரும் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூத்தவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்படின்னா என்னம்மா பண்ணச் சொல்றீங்க? காயை மண்ணுலயே நிக்கவைக்கிற ரகத்தையா நாங்க சிபாரிசு பண்றது?" என்று கேட்டார்.

"அப்பிடிச் சொல்லல சார். எந்த ரகம் வேணும்னாலும் போடுங்க, நெலம் அவுங்களுது. மண்ணுல நின்னது எங்க அடுப்புக்குப் போயிக்கினு இருந்துச்சின்னு எழுதிட்டுப் போடுங்க. எழுதாம போட்டா, நாளைக்கி எங்களுக்கு இன்னா போச்சுன்னு கேக்கக்கூட ஒருத்தருக்கும் தெரியாது."

மூத்தவர் பேனாவைத் திறந்தார். சிபாரிசு நாலாம் நம்பருக்குத்தான், அது மாறவில்லை. ஆனால் இந்தப் பேச்சை அறிக்கையில் அப்படியே சேர்ப்பது, அடுத்த பருவத்தில் பிடுங்கிய காயோடு தப்புக்காயையும் தனியாக அளப்பது, அளக்கும் வேலையைப் பொறுக்குகிற பெண்களிடமே கொடுப்பது என்று முடிவாயிற்று. வார்த்தை மாறாமல் பார்த்து எழுத, நோட்டைக் கொண்டுவரச் சொன்னார் அவர்.

கொண்டுபோய் வைத்தேன். வேறென்ன செய்வது? அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் தொப்பிக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். மூத்தவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். மேடையோரமாக நின்றபடியே எழுதி முடித்தேன்.

நிமிர்ந்தபோது அக்கா எதிரில் நின்றிருந்தார். திட்டவில்லை. என் கையையும் பேனாவையும் பார்த்துவிட்டு, "ஏறிடுச்சுன்னியேப்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பத்து நாள் கழித்து அறிக்கை தயாரானது. முப்பது காப்பி ஜெராக்ஸ் எடுத்து, ஆபீஸ் தரையில் பக்கம் பக்கமாகப் பரப்பி, நானும் பியூனும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து முடித்தோம். சென்னைக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, எங்கெங்கோ போகவேண்டிய காப்பிகள். கட்டிவிடலாம் என்று சணலை எடுக்கும்போது அக்கா உள்ளே வந்தார். கூப்பிடாமலே வந்திருந்தார். இந்தத் தடவை பஸ்ஸில்.

மேலே இருந்த காப்பியை எடுத்து, அவர் பேச்சு இருந்த பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டினேன். நகம் இருந்தது, அடுப்பு இருந்தது, தப்புக்காய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி. அடுத்தது?"

"எல்லாம் ஒண்ணுதாங்கா. இதுல இருக்கிறதுதான் எல்லாத்துலயும் இருக்கும்."

"போன தடவ நீ சொன்னதைக் கேட்டுட்டுத்தான் ஊட்டுக்குப் போனேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவதைப் படித்தேன். மூன்றாவதைப் படித்தேன். எட்டாவதில் எனக்குத் தொண்டை கட்டியது, பியூன் தண்ணீர் கொண்டுவந்தார். பன்னிரண்டாவதிலிருந்து டைப்பிஸ்ட் அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கூடவே சொல்ல ஆரம்பித்தார். இருபதுக்கு மேல் பியூனும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் பஜனை மாதிரி சொன்னோம். வெளியே டீ கொண்டுவந்த கடைக்காரர் ஆபீசில் பூஜை நடப்பதாக நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதைப் போலவே கேட்டார்.

இருபத்தாறாவது காப்பியைத் திறந்தேன். பதினான்காம் பக்கத்துக்கு அடுத்து பதினாறாம் பக்கம் இருந்தது. அக்கா பேச்சு இருந்த பதினைந்தாம் பக்கத்தை நானோ பியூனோ தரையில் பொறுக்கும்போது விட்டிருக்கிறோம். முன்னும் பின்னும் புரட்டினேன். டைப்பிஸ்ட் அம்மா பாதி வரி சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அக்கா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, காப்பியைத்தான் பார்த்தார். கையை நீட்டி அதை வாங்கித் தனியாகத் தரையில் வைத்து, அது மற்றதோடு கலந்துவிடாமல் மேலே தன் கைப்பையை எடுத்து வைத்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பழையபடி கண்ணை மூடினார்.

"இன்னும் நாலு இருக்குது. படி."